ஒரு பக்கப் பின்னல்

செட்டிகுளத்துக்குப் போகிற வழியில் காட்டை வெட்டிக் குடியேறியிருந்த அந்த மலையகத்துச் சனங்களுக்கு, தங்களுடையது என்று விரல் நீட்டிக் காட்ட அதிகம் ஒன்றும் இருக்கவில்லை. மண் வீடுகள், ஒரு பொதுக்கிணறு, சேவைச் சங்கம் கட்டிக் கொடுத்த நெல்லுக் களஞ்சியம். அந்தக் களஞ்சியத்தின் மேற்குச் சுவருக்கு யன்னல் கிடையாது. நாலு மாட்டு வண்டிகளை வரிசையாக நிறுத்தினாலும் மறைக்க முடியாத நீளம். ஆடுகள் முதுகு சொறியவும் பையன்கள் பந்து அடிக்கவும் தவிர வேறு எதற்கும் பயன்படாமல் அது வெள்ளை வெளேரென்று நின்றது. எண்பத்து மூன்றாம் ஆண்டு தை பிறந்ததும், சங்கத்துச் செயலாளர் நடராசா அதன் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்று யோசித்தான். நடராசாவுக்கு யோசனை வந்தால் ஊருக்கு வேலை வந்துவிட்டது என்று அர்த்தம்.

“நம்ம நடைக்கதைய இதுல வரைஞ்சு வச்சிருவோம். ரோட்டுல போற பஸ்ஸுக்காரன்கூட நாம யாருன்னு பாத்துட்டுப் போகட்டும்” என்றான்.

நடைக்கதை என்பது, அவர்களுடைய பாட்டன் முப்பாட்டன்மார் மன்னார்க் கரையில் தோணியிலிருந்து இறங்கி, இதே வன்னிக் காட்டுக்குள்ளால் மாத்தளை வரைக்கும் கால்நடையாகப் போன கதை. எழுத்தில் எங்கும் இல்லை. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் வாயிலிருந்து காதுக்குப் போய், காதிலிருந்து வாய்க்கு வந்து உயிரோடு இருந்தது. வழியில் பேதியும் காய்ச்சலும் கண்டு விழுந்தவர்களைக் ஆள் கூட்டிப் போன கங்காணி நின்று புதைக்க விடவில்லை. மரத்தடியில் சாய்த்துவிட்டு நடக்கச் சொன்னான். செத்த பிறகு சாய்த்தவர்களும் உண்டு, சாகுமுன்பே சாய்த்தவர்களும் உண்டு. பின்னால் தண்ணீர் கேட்ட குரலுக்குத் திரும்பிப் பார்க்காமல் போனவர்களின் பிள்ளைகள்தான் நாம் என்று அந்தக் கதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லும்.

அதனால் கதையின் முடிவில் தண்ணீர் விடுகிற ஒரு வழக்கம் இருந்தது. மாசியில் காமன் கூத்துக்குக் கம்பம் நட்ட பிறகு ஒரு பின்னேரம் எல்லோரும் கூடுவார்கள். கதை முடிந்ததும் சொல்கிறவர் விழுந்தவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தேங்காய்ச் சிரட்டைத் தண்ணீர் நிலத்தில் விழும். கூட்டம், “குடிச்சிட்டுப் போய்ச் சேரு” என்று சொல்லும். அதோடு சரி. அதற்குப் பிறகு அந்த ஆளை யாரும் தேட மாட்டார்கள், வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார மாட்டார்கள். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தோட்டங்களில் செத்தவர்களின் பெயர்களும் பழைய பெயர்களுக்குப் பின்னால் வந்து சேர்ந்துகொண்டன.

கதை சொல்கிறவள் வடிவம்மா. நாற்பதை எட்டாத, மெலிந்த, கூலிக்கு நாற்று நடுகிற பெண். ஆனால் அவள் தொண்டையைத் திறந்தால் அடுத்த வயலில் குனிந்திருப்பவர்களும் நிமிர்ந்துவிடுவார்கள். அவள் புருஷன் கணபதி இதற்கு நேர்மாறு. இரண்டு சொல் வேண்டிய இடத்தில் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறவன். அவளுக்கும் சேர்த்து அவன் மிச்சம் பிடிக்கிறான் என்று ஊரில் கேலி செய்வார்கள்.

அந்த வடிவம்மா கூப்பிடாத பெயர் ஒன்று இருந்தது. அது அவள் மகளுடையது. பள்ளிக்கூடத்துக்கு ஜெகதீஸ்வரி, வீட்டுக்குப் பாப்பா.

எழுபத்தேழு ஆவணியில் ஒரு காலை, மாத்தளைப் பக்கத்துத் தோட்டத்தில், வடிவம்மா லயத்து வாசலில் மகளை உட்கார வைத்துத் தலை வாரிக்கொண்டிருந்தாள். பாப்பாவுக்குத் தலை வாருவதென்றால் அந்த வீட்டில் ஒரு போர்தான். சீப்பைக் கண்டாலே உதடு பிதுங்கிவிடும். ஒரு பக்கத்தைப் பின்னி முடித்து மற்றப் பக்கத்தை எடுத்தபோது அவளுடைய சிணுங்கல் தாங்காமல், வடிவம்மா சீப்பால் மண்டையில் ஒரு தட்டுத் தட்டினாள். அந்த நேரம்தான் கீழ் லயத்தில் கூக்குரல் கேட்டது.

அதன் பிறகு ஓட்டம். ரோட்டில் ஒரு லொறி வந்து நின்றபோது, கணபதி மண்டை உடைந்து தேயிலைச் சரிவில் கிடந்தான். பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு அவனை இழுத்து வர முடியாது. லொறியிலிருந்து கைகள் நீண்டிருந்தன. யாருடைய கை என்று பார்க்கக்கூட நேரமில்லாமல், வடிவம்மா பிள்ளையைத் தூக்கி மேலே கொடுத்தாள்.

“அப்பாவக் கூட்டிக்கிட்டுப் பின் லொறியில வர்றேன் பாப்பா. எறங்கின எடத்துலயே நில்லு, என்ன?”

பின் லொறி உண்மையாகவே வந்தது. அவர்களை வவுனியாவில் இறக்கியும் விட்டது. முன்னால் போன லொறி மட்டும் வவுனியாவில் நிற்கவில்லை. அதை வழியில் கொளுத்திவிட்டார்கள் என்றார்கள் சிலர். திருகோணமலைப் பக்கம் திரும்பியதைக் கண்டதாகச் சிலர் சொன்னார்கள். கணபதி தலைக் கட்டைக்கூட அவிழ்க்காமல் முகாம் முகாமாக அலைந்தான். கிளிநொச்சி, மன்னார், முல்லைத்தீவு எல்லாம் போனான். அந்த லொறியில் வந்தோம் என்று சொல்ல ஓர் ஆள் அகப்படவில்லை.

போகப் போகக் கணபதி, பாப்பா செத்துவிட்டாள், அவளுக்கும் தண்ணீர் விடு என்று கேட்கத் தொடங்கி, தேடுவதை விட்டுவிட்டான். வடிவம்மா விடவில்லை. குடியிருப்பில் எந்தப் பெண்பிள்ளை பெரியவளானாலும் சடங்கு வீட்டில் முதல் ஆளாக நின்று, நம்ம பாப்பாவும் இந்நேரம் ஆகியிருப்பா என்று யாரிடமாவது சொல்லிவிடுவாள். கேட்கிறவர்கள் ஆமா ஆமா என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். பாவம், அவர்கள் வேறு என்னதான் செய்வது?

சுவருக்குப் படம் எழுத நடராசா பிடித்து வந்த ஆள் இளையதம்பி. யாழ்ப்பாணத்திலிருந்து பாவற்குளத்துக் குடியேற்றத்துக்கு வந்து நெல் விதைக்கிறவர். விதைப்பில்லாத நாட்களில் கோயில் வாகனங்களுக்கு வர்ணம் பூசுவார், கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவார். பெரிய மீசை, பெரிய குரல், சின்ன மனசில்லை. வடிவம்மா சுவரடியில் குந்தியிருந்து கதையைச் சொல்லச் சொல்ல அவர் கரியால் கோடு போட்டார்.

முதலில் கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருந்தது. வாகனங்களுக்கு எழுதிப் பழகிய கை. தோணியிலிருந்து இறங்கிய சனங்கள் எல்லாம் கொழுகொழுவென்று, காதில் குண்டலம் போடாத குறையாக வந்து நின்றார்கள்.

“என்னண்ணே, இவங்க கல்யாண வீட்டுக்கா போறாங்க? பஞ்சத்துக்குத் தப்பி வந்தவங்கண்ணே” என்றாள் வடிவம்மா.

“அப்ப வயித்தை உள்ளுக்கு எடுக்கச் சொல்லுறீங்கள்.”

“வயித்த மட்டுமில்ல, கன்னத்தயும்.”

இளையதம்பி புறுபுறுத்துக்கொண்டே எல்லோரையும் பட்டினி போட்டார். சுவரின் ஒரு முனையில் கடலும் தோணியும் வந்தன. பிறகு காடு. மூட்டையோடு நடக்கிறவர்கள், பாலை மரத்தடியிலும் வீரை மரத்தடியிலும் சாய்ந்து கிடக்கிறவர்கள், அவர்களைத் திரும்பிப் பார்க்காத முதுகுகள். அதற்கப்பால் மலையும் தேயிலையும். பிறகு எரிகிற லயம், லொறிகள், கடைசி முனையில் இந்தக் குடியிருப்பு. விழுந்தவர்களையெல்லாம் கண் மூடியவர்களாகவே எழுதினார் இளையதம்பி. தங்கள் வீட்டுப் பெயர்கள் சுவரில் உடம்பும் முகமுமாக வருவதைப் பார்க்க, வேலை முடிந்து வருகிற சனம் மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்காமலே நிற்கும். வடிவம்மாவுக்கும் மனசு நிறைந்துதான் போனது.

அறுவடை தொடங்கியதால் சில நாள் அவளால் அந்தப் பக்கம் போக முடியவில்லை. ஒரு மத்தியானம் வயலிலிருந்து நேரே சுவரைப் பார்க்க வந்தாள். பழைய சனங்களுக்கு நடுவில், பாலை மரத்தடியில், புதிதாக ஒரு சின்ன உருவம் கிடந்தது. மஞ்சள் கவுன். நெற்றியில் பெரிய பொட்டு. கன்னத்தில் கையை வைத்துத் தூங்குகிற பிள்ளை. கண் மூடியிருந்தது. மஞ்சள் கவுனுக்குக் கழுத்தில் வெள்ளைப் பட்டி வைத்துத் தைத்தவள் வடிவம்மாதான்.

 காலடியில் கிடந்த ஈர மண்ணை அள்ளினாள். அந்த முகத்தில் அப்பித் தேய்த்தாள். மறுபடி அள்ளினாள்.

“தங்கச்சி! உதென்ன வேலை?” இளையதம்பி ஏணியிலிருந்து விழுந்தடித்து இறங்கினார். “முதுகு முறிய நிண்டு கீறின படமெல்லோ!”

“யாரக் கேட்டு இவள இங்க போட்டீங்க?”

“உங்கட மனுசன்தான் வந்து சொன்னவர். பிள்ளை செத்துப்போச்சு, தாய்க்குச் சொல்லாமல் மரத்தடியில கீறிவிடுங்கோ, கண்டால் மனம் ஆறும் எண்டு. நான் என்னத்தைக் கண்டன்?”

“செத்துப்போச்சுன்னு அவரு போய்ப் பாத்தாரா?” என்றாள் வடிவம்மா. “தண்ணி விடாதவங்கள மரத்தடியில சாய்க்கக் கூடாதுண்ணே. அது கங்காணி செஞ்ச வேல.”

இளையதம்பிக்குக் கோபம் இறங்கிவிட்டது. மண் பூசிய இடத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சுண்ணாம்பு வாளியை எடுத்து வந்து, பிள்ளை கிடந்த இடத்தை முழுவதுமாகப் பூசி மூடிவிட்டார்.

வீட்டில் கணபதி சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். வடிவம்மா கதவடியிலேயே நின்று கேட்டாள்.

“நீயெல்லாம் ஒரு தகப்பனா?”

கணபதி கையை உதறினான். வழக்கமாக ஒரு சொல்லோடு நிறுத்துகிறவன், அன்றைக்கு நிறுத்தவில்லை.

“கனவுல வர்றா வடிவு. எப்பப் பாரு தண்ணி தண்ணிங்குறா. ஊர்ல உள்ள எல்லாருக்கும் நீ தண்ணி விடுற. எம்புள்ளைக்கு மட்டும் விட மாட்டேங்குற. நாக்கு வறண்டு நிக்கிறா அவ.”

“உசுரோட இருக்கிறவளுக்கு எதுக்குத் தண்ணி விடணும்?”

“எங்க இருக்கா? சொல்லு. எங்க இருக்கா?”

“எறங்கின எடத்துலயே நில்லுன்னு சொல்லிட்டு வந்தேன்” என்றாள் வடிவம்மா.  “எங்கயோ நின்னுக்கிட்டிருக்கா. நானே பேரச் சொல்லித் தண்ணி விட்டுட்டா, அப்புறம் அவ யாருக்காக நிக்கிறது?”

 சோறு ஆறிப் போனது. அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

அடுத்த நாள் அவளே சுவரடிக்குப் போனாள். இளையதம்பி லொறிக்குச் சக்கரம் எழுதிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் ஏதோ குற்றம் செய்தவர்போல இறங்கி வந்தார்.

“அண்ணே, அவள லொறியில ஏத்துங்க. அதோ, பின்பக்கம், பலகைக்கு மேல. கண்ணு தெறந்திருக்கணும். நம்மளப் பாக்கணும்.”

“ஓம், கீறுறன். எப்பிடியான பிள்ளை எண்டு சொல்லுங்கோ.”

வடிவம்மா சொன்னாள். மூக்கு கொஞ்சம் சப்பை. மேல் வரிசையில் ஒரு பல் விழுந்த ஓட்டை. மஞ்சள் கவுன். இடப் பக்கம் பின்னி, சிவப்பு நாடா கட்டியிருந்தது. வலப் பக்கம் முடி விரிந்து தோளில் கிடந்தது.

“ரெண்டு பக்கமும் பின்னிவிடுறனே தங்கச்சி, வடிவாய் இருக்கும். இல்லையெண்டால் இளையதம்பிக்கு மறதி வந்திட்டுது எண்டு சனம் சிரிக்கும்.”

“சிரிச்சாச் சிரிக்கட்டும். பின்னாததப் பின்னின மாதிரி வரையாதீங்க.” அவள் அந்தக் காலையைப் பற்றி அவருக்குச் சொன்னாள். சீப்பால் தட்டியதையும் விடாமல் சொன்னாள். “அந்தப் பக்கத்த நான்தான் பின்னணும். வந்ததும் பின்னுவேன்.”

இளையதம்பிக்கும் பெண் பிள்ளைகள் இருந்தார்கள். அவர் தூரிகையை எடுத்தார். அன்று முழுவதும் சுவரின் அந்தக் கையகல இடத்தைவிட்டு அவர் நகரவில்லை. வெயில் சாய்கிற நேரம் லொறிப் பலகையைப் பிடித்தபடி பாப்பா எட்டிப் பார்த்தாள். ஒரு பக்கப் பின்னல், மறுபக்கம் காற்றில் பறக்கிற முடி. வடிவம்மா கிட்டப் போய் நின்று பார்த்தாள், தூரப் போய் நின்றும் பார்த்தாள். எங்கே நின்றாலும் பிள்ளை அவளையே பார்த்தது. கணபதி மட்டும், கிணற்றுக்குப் போவதென்றாலும், அந்தச் சுவர்ப் பக்கம் வராமல் மற்றப் பக்கத்தால் சுற்றிப் போனான்.

மாசியில் சுவருக்குத் திறப்பு விழா வைத்தார்கள். நடராசா மூட்டிவிட்ட சங்கதி, சும்மா இருக்குமா? நெளுக்குளத்திலிருந்தும் மாங்குளத்துப் பக்கமிருந்தும் பஸ்ஸிலும் உழவு இயந்திரப் பெட்டியிலும் சனம் வந்து இறங்கியது. தப்பு மேளம் அடித்தார்கள். கடலைக்காரன்கூட வந்துவிட்டான். சிலர் விழுந்தவர்களின் படத்துக்கு முன்னால் தேங்காய் உடைத்துக் கும்பிட்டார்கள். இளையதம்பி சலவை வேட்டியும் சால்வையுமாக, தன் பிள்ளைக்குக் கலியாணம் என்பது போல நின்றார்.

பின்னேரம் வடிவம்மா சுவரடியில் நின்று கதையைத் தொடங்கினாள். அவள் சொல்லச் சொல்ல, கூட்டத்தின் கண்கள் சுவரில் கடலிலிருந்து காட்டுக்கும், காட்டிலிருந்து மலைக்கும் அவளோடு கூடவே நடந்தன. அவள் என்றைக்கும் அப்படிச் சொன்னதில்லை. லயம் எரிகிற இடத்தில் ஆண்களே துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்கள். லொறி வந்ததோடு கதையை முடித்தாள். தண்ணீர்க் குடத்தை முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள். சிரட்டை கணபதியின் கையில் இருந்தது. தண்ணீர் விடுவது எப்போதும் அவன்தான்.

அந்த நேரம் கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். மாங்குளத்துப் பக்கம் கல் உடைக்கிறவள். பெயர் அன்னபாக்கியம் என்பது பிறகுதான் தெரிந்தது. யாரையும் பார்க்காமல் நேரே லொறிப் படத்துக்குப் போய், பாப்பாவின் விரித்த முடியில் விரல் வைத்தாள்.

“இத யாரு இப்பிடி வரையச் சொன்னது?”

இளையதம்பி முன்னால் வந்தார். “மறந்துபோய் விடயில்லை அம்மா. அந்தப் பிள்ளையின்ரை தலை அப்பிடித்தான் இருந்தது.”

“தெரியும்” என்றாள் அன்னபாக்கியம். “இந்தப் பக்கத்த நான்தான் பின்னிவிட்டேன்.”

 வடிவம்மா இரண்டு எட்டில் அவளிடம் வந்துவிட்டாள். “எம்புள்ளய... நீங்க பாத்தீங்களா?”

அன்னபாக்கியம் அவள் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். மடியில் இருந்ததை இறக்கி வைக்கிறவள் போலத்தான் பேசினாள்.

“நீங்க தூக்கிக் குடுத்தப்ப வாங்கின கை என் கைதாம்மா. எம்மடியிலதான் இருந்துச்சு. காத்துக்குத் தலமயிரு மூஞ்சில அடிச்சுக்கிட்டே வந்துச்சு. சீப்பில்ல. வெரலாலயே கோதிப் பின்னி, எஞ்சேலையக் கிழிச்சு முடிஞ்சுவிட்டேன். பேரு கேட்டா பாப்பாங்கும். அம்மா எங்கன்னா, பின் லொறியில வருதுங்கும். டிரைவரு பயந்துபோயி வவுனியாவுல நிப்பாட்டவே இல்ல. மாங்குளமும் தாண்டி, முல்லைத்தீவு ரோட்டுல, காட்டுக்குள்ள எறக்கிவிட்டுட்டுத் திரும்பிட்டான். நாங்க நடந்தோம். புள்ளைக்கு நெருப்பாக் காய்ச்ச. எறங்கின எடத்துலயே நிக்கணும், அம்மா வரும், போக வேணாம்னு அழுதுச்சு. நின்னா எல்லாரும் செத்துருவோம்னு கூட வந்தவங்க சொன்னாங்க. நான் தூக்கிக்கிட்டு நடந்தேம்மா. நாந்தான் தூக்கிக்கிட்டு நடந்தேன்.”

வடிவம்மா எதிரே குந்தினாள். கேட்க வேண்டியதை அவள் கேட்கவில்லை. அது முடிந்துபோன கேள்வி.

“தண்ணி கேட்டாளா?”

“கேட்டுச்சு. வத்துன குளத்துல ஒரு மூலையில கொஞ்சம் கெடந்துச்சு. முந்தானைய நனைச்சு, புழிஞ்சு, வாயில விட்டேன். குடிச்சிச்சும்மா. நல்லாக் குடிச்சிச்சு. அப்புறந்தான்... பாலை மரத்தடியில கம்பாலயும் கையாலயும் தோண்டி வச்சிட்டு நடந்தோம். எங்காவது உங்களப் பாத்தாச் சொல்லணும்னுதான் இருந்தேன். யாருன்னு கேக்குறது? பாப்பாங்குற பேருல எத்தன புள்ளைங்க!”

“பின்னும்போது அழுதாளா?”

“இல்லம்மா. அழவே இல்ல. சும்மா குந்தியிருந்துச்சு.”

அதைக் கேட்டுத்தான் வடிவம்மா அழுதாள். சத்தம் வராமல், வாயைத் திறந்து, தோள்கள் குலுங்கக் குலுங்க அழுதாள். தன்னிடம் அழுகிற பிள்ளை, முன்பின் தெரியாத மடியில் அழாமல் இருந்திருக்கிறது. எவ்வளவு பயந்திருந்தால் அப்படி இருக்கும் என்பது பெற்றவளுக்குத் தெரியாதா? அன்னபாக்கியம் அவள் கையைப் பிடித்தாள். வடிவம்மா விடுவித்துக்கொள்ளவில்லை.

பிறகு எழுந்தாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். கூட்டத்தைப் பார்த்து நின்று பெயர்களைக் கூப்பிடத் தொடங்கினாள். அவசரப்படவில்லை. தோணியில் வந்தவர்களை முதலில் கூப்பிட்டாள், வழக்கமான வரிசையில், ஒன்றும் விடாமல். ஒவ்வொரு பெயருக்கும் கணபதி தண்ணீர் விட்டான். கூட்டம் சொல்ல வேண்டியதைச் சொன்னது. எழுபத்தேழில் செத்தவர்களின் பெயர்களும் முடிந்தன. 

“ஜெகதீஸ்வரி” என்றாள்.

மடியில் வைத்துக் கொண்டுபோன பிள்ளையின் பெயரை அன்னபாக்கியம் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டாள். அவளும் கூட்டத்தோடு சேர்ந்து சொன்னாள்: “குடிச்சிட்டுப் போய்ச் சேரு.”

தண்ணீர் விழவில்லை. கணபதி நிறைந்த சிரட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றான். வருடக்கணக்காக இந்த ஒரு சிரட்டைத் தண்ணீருக்காக மன்றாடியவன் அவன்.

“வேணாம் வடிவு” என்றான். “வேற புள்ளையா இருக்கும். இன்னொருக்காக் கேட்டுப் பாப்போம். மஞ்சக் கவுன் எத்தனையோ புள்ளைங்க போட்டிருக்குங்க...”

அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. தேடுவதை நிறுத்தினானே தவிர, இந்த மனுஷனும் அவ்வளவு காலமும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அவள் நம்புகிறாள் என்ற தைரியத்தில்தான் அவன் செத்தாள் செத்தாள் என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறான். வடிவம்மா அவன் கையின்மேல் தன் கையை வைத்தாள். இரண்டு பேருமாகச் சிரட்டையைச் சரித்தார்கள்.

“குடிச்சிட்டாளாம்யா. நல்லாக் குடிச்சாளாம். இனிக் கேக்க மாட்டா” என்றாள் அவன் காதில்.

மறுநாள் காலையில் இளையதம்பி தன் சாமான்களை எடுத்துப்போக வந்தார். வடிவம்மாவும் அன்னபாக்கியமும் சுவரடியில் இருந்தார்கள். அன்னபாக்கியம் இரவு அவர்கள் வீட்டிலேயே தங்கியிருந்தாள். கணபதியும் வந்திருந்தான். லொறிப் படத்துக்கு நேரே, இத்தனை நாளாகப் பார்க்காததையெல்லாம் சேர்த்துப் பார்க்கிறவன்போல நின்றான். இளையதம்பி வாளியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். பழையபடி மரத்தடியில் கீற வேண்டுமா என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. சுண்ணாம்பு பூசி மூடிய இடத்தை மட்டும் கண்ணால் காட்டினார்.

“வேணாண்ணே. லொறியிலயே இருக்கட்டும். கண்ணும் தெறந்தே இருக்கட்டும்” என்றாள் வடிவம்மா. “அந்தப் பக்கத்த மட்டும் பின்னிவிட்டுருங்க.”

“நாடா என்ன நிறம்?”

“பச்சை. சேலைக் கரையத்தான் கிழிச்சேன்” என்றாள் அன்னபாக்கியம்.

இளையதம்பி பச்சையைக் குழைத்தார். மெல்லிய தூரிகை ஒன்றைத் தேடி எடுத்து, விரித்த முடியின் மேல் வைத்தார். வடிவம்மா கிட்டப் போய் நின்றாள். அவள் கை தன்னை அறியாமல் அந்தச் சின்னத் தலைக்குப் பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டது.

“மெதுவாண்ணே” என்றாள். “இழுத்தா அழுவா.”